நேர் ரோட்டை விட்டு இறங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை



இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள். தர்மபுரம், விசுவமடு, கல்மடு, கண்டாவளைப் பக்கத்து ஆட்கள் கட்டாயம் வாசியுங்கள். இது உங்களுடைய ஊரைப் பற்றியது.

போன தவணை தரம் 8 பிள்ளைகளுக்கு ஓர் ஒப்படை கொடுத்தோம். தலைப்பு "எனது ஊரின் வரலாறு". இரண்டு பக்கம் எழுதினால் போதும் என்று சொன்னோம். கொப்பிகள் வந்தன. ஒன்றிரண்டைத் தவிர எல்லாவற்றிலும் முதல் வசனம் ஏறக்குறைய ஒன்றுதான்: யுத்தம் முடிந்தது, முகாமிலிருந்து வந்து மீள்குடியேறினோம். ஒரு பிள்ளை மட்டும் நேர்மையாக இப்படி எழுதியிருந்தாள்: "எங்கள் ஊரில் கோட்டை இல்லை, அரண்மனை இல்லை. அதனால் வரலாறு இல்லை."

அந்தக் கொப்பிக்கு எத்தனை புள்ளி போடுவது என்று எங்களுக்கு விளங்கவில்லை. பிள்ளையில் பிழை சொல்ல முடியாது. நாங்களும் கல்வியியற் கல்லூரியில் அனுராதபுரம், பொலன்னறுவை, யாழ்ப்பாண இராச்சியம் என்று படித்துவிட்டு வந்தவர்கள்தான். பாடசாலைக்கு முன்னால் போகிற ரோட்டின் வரலாறு எங்களுக்கும் தெரிந்திருக்கவில்லை.

"நாங்கள்" என்று எழுதுகிறோம். யார் என்று சொல்லிவிடுகிறோம். ஒரே பாடசாலையில் படிப்பிக்கும் இரண்டு பேர். எங்களில் ஒருவர் புத்தளத்தில், ஓலைக் கொட்டிலில் பிறந்த முல்லைத்தீவு முஸ்லிம். மற்றவர் தர்மபுரத்தில் பிறந்து, ஊர் ஊராக இடம்பெயர்ந்து, மெனிக் பாம் போய்த் திரும்பி வந்தவர். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு மோட்டார் சைக்கிள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தவணைப் பரீட்சைத் தாள்களைப் போட்டோகொப்பி எடுப்பதற்காகக் கிளிநொச்சிக்குப் புறப்பட்டோம். வழக்கமான வழி எல்லாருக்கும் தெரியும். ஏ35 ரோட்டில் நேராகப் பரந்தன் சந்தி, அங்கிருந்து ஏ9 இல் இடது பக்கம் திரும்பினால் டவுன். அன்று முதல் நாள் இரவு பெய்த மழையில் ஒரு மதகடியில் லொறி ஒன்று சறுக்கி, ரோட்டை மறித்துக்கொண்டு நின்றது. தேத்தண்ணிக் கடையில் நின்ற ஓர் ஐயா சொன்னார்: "சேர், உதில நிண்டு மினக்கெடாதேங்கோ. கல்மடுவால இறங்கி, இராமநாதபுரம், வட்டக்கச்சி பிடிச்சுப் போங்கோ. ரோட்டு கொஞ்சம் பள்ளம் திட்டிதான், ஆனா ஊரைப் பார்த்துக்கொண்டு போகலாம்."

அந்தக் கடைசி வசனத்துக்கு இந்தப் பதிவு கடமைப்பட்டிருக்கிறது.

முதலில் நேர் ரோட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்கு ஏறக்குறைய 50 கிலோமீற்றர். முரசுமோட்டை, தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், வட்டுவாகல். இந்தப் பெயர்களை இந்த ஒழுங்கில் சொன்னால் எங்கள் ஆட்களுக்கு வேறொன்றும் சொல்லத் தேவையில்லை. 2009 ஜனவரி 2 ஆம் திகதி கிளிநொச்சி வீழ்ந்த பிறகு, சனம் மூட்டை முடிச்சுகளோடு கிழக்கே நகர்ந்த ஒழுங்கு அது. இந்த ரோட்டால் போகும்போது பெரியவர்கள் கையை நீட்டிக் காட்டுவது அந்தக் கதையைத்தான். பிள்ளைகளும் அதைத்தான் கேட்டு வளர்ந்திருக்கிறார்கள். அது சொல்லப்படத்தான் வேண்டும். ஆனால் அது இந்த நிலத்தின் கடைசி அத்தியாயம். முந்திய அத்தியாயங்கள் ரோட்டின் இரண்டு பக்கமும் உள்ளுக்குள் கிடக்கின்றன.

அவற்றை வாசிக்க ஒரு சின்ன வழி அன்று எங்களுக்குக் கிடைத்தது. கல்மடு என்ற பெயர்ப்பலகையைப் பார்த்தவுடன் எங்களில் ஒருவர் கேட்டார்: "மடு எண்டால் என்ன?" ஆழமான நீர்நிலை. விசுவமடுவிலும் அதே மடு. இரணைமடு என்றால் இரட்டையாக இருந்த மடுக்கள். முரசுமோட்டையில் வருகிற மோட்டை சின்னக் குளம். தேராவிலின் வில்லும் நீர்நிலைதான். உடையார்கட்டில் இருப்பது குளக்கட்டு. பெரியகுளமும் பிரமந்தனாறும் சொல்லாமலே விளங்கும். வன்னியில் பழைய ஊர்கள் தண்ணீரின் பெயரால் அழைக்கப்பட்டன. தண்ணீர் எங்கே நின்றதோ அங்கேதான் ஆள் இருந்தான்.

இன்னொரு வகைப் பெயரும் உண்டு. தர்மபுரம், இராமநாதபுரம், குமாரபுரம், சுதந்திரபுரம். எங்கள் பக்கத்தில் "புரம்" என்று முடிகிற ஊர்கள் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டில் காடு வெட்டிக் குடியேறிய ஊர்கள். மடு, மோட்டை, குளம் என்றால் பழைய ஊர். புரம் என்றால் கொலனிக் காலம். விதிவிலக்கு இருக்கும், ஆனால் வகுப்பில் பிள்ளைகளிடம் ஊர்ப்பெயர்களைக் கொடுத்துப் பிரிக்கச் சொன்னால் அரை மணித்தியாலத்தில் வன்னியின் வரைபடம் அவர்கள் கையில் வந்துவிடும். இந்தப் பாடத்துக்குக் கோட்டையும் தேவையில்லை, அரண்மனையும் தேவையில்லை.

கல்மடுக்குளத்தின் கட்டில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினோம். மழைக்குப் பிறகு தண்ணீர் மண் நிறத்தில் இருந்தது. இந்தக் குளத்துக்குத் தண்ணீர் தருவது நெத்தலியாறு. அது வடக்கே ஓடிச் சுண்டிக்குளம் கடல்நீரேரியில் விழுகிறது. கனகராயன் ஆறும் இரணைமடுவில் நின்று, மிஞ்சிய தண்ணீரோடு அதே சுண்டிக்குளத்துக்குத்தான் போகிறது. எங்கள் வீட்டு முற்றத்து வெள்ளம் கடைசியில் போய்ச் சேருகிற இடம், 1938 இல் பறவைகள் சரணாலயமாகவும் 2015 இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இடம். வருடா வருடம் செங்கால் நாரை பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். எங்கள் பிள்ளைகளில் பலர் அங்கே போனதில்லை.

2009 ஜனவரியில் கல்மடுக்குளத்தின் கட்டு உடைக்கப்பட்டு, வெள்ளம் ஊருக்குள் வந்ததை எங்களில் ஒருவர் சின்ன வயதில் அனுபவித்தவர். "இந்தக் கட்டில ஏறி நிக்கிறது இதுதான் முதல் தரம்" என்று அவர் அன்று சொன்னார். பிறந்த ஊரிலிருந்து கூப்பிடு தூரம். முப்பது வயதுக்கு மேல் முதல் தடவை. ஏன் என்று கேட்டோம். பதில் உங்கள் எல்லாருக்கும் தெரியும்.

மீள்குடியேறிய காலத்தில் வீட்டிலும் பாடசாலையிலும் பிள்ளைகளுக்குச் சொன்ன முதல் புத்திமதி, "ரோட்டை விட்டு இறங்காதே." மண்டை ஓடு போட்ட சிவப்புப் பலகைகள், மஞ்சள் நாடாக்கள், "மிதிவெடி கவனம்". மாட்டைத் தேடிப் போனவர் காலை இழந்தார், விறகுக்குப் போனவர் திரும்பி வரவில்லை என்று செய்திகள். வெடி அகற்றும் அணிகள் நெஞ்சுக் கவசத்தோடு வெயிலில் முழந்தாளில் இருந்து ஒவ்வொரு அடியாக நிலத்தைக் கிளறினார்கள். அந்த வேலையில் எங்கள் ஊர்ப் பெண்களும் இருந்தார்கள். அந்தக் காலத்தில் ரோட்டோடு நின்ற பிள்ளைதான் உயிரோடு இருந்த பிள்ளை. அந்தப் பயம் நல்ல பயம். ஆனால் பலகைகள் போன பிறகும் பழக்கம் போகவில்லை. ஒரு தலைமுறை முழுக்க வீட்டையும் ரோட்டையும் பாடசாலையையும் மட்டும் பார்த்து வளர்ந்துவிட்டது. அந்தப் பிள்ளையின் கொப்பியில் இருந்த வசனத்துக்குக் காரணம் இதுவென்றுதான் நாங்கள் நினைக்கிறோம். நடக்க விடாத நிலத்தின் வரலாற்றை யார்தான் எழுதுவார்கள்?

சரி, ஏன் இந்த நிலம் அவ்வளவு காலம் காடாகக் கிடந்தது? பழைய குளங்களின் தடயம் வன்னி எங்கும் இருக்கிறதே, ஆட்கள் எங்கே போனார்கள்? ஆங்கிலேய சிவில் அதிகாரி ஜே. பி. லூயிஸ் 1895 இல் வன்னி மாவட்டங்களைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். அதில் வருகிற வன்னி, உடைந்த குளங்களும் சின்னஞ்சிறு கிராமங்களும் காய்ச்சலும் நிறைந்தது. காய்ச்சல் என்றால் மலேரியா. 1934–35 இல் அது இலங்கை முழுவதையும் உலுக்கியது. 1946 இலிருந்து டி.டி.ரி. மருந்து வீடு வீடாக அடிக்கப்பட்ட பிறகுதான் உலர் வலயத்தில் ஆட்கள் தைரியமாகக் குடியேறினார்கள். 2016 இல் இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இன்று காய்ச்சல் என்றால் எங்கள் பிள்ளைகள் டெங்குவை நினைக்கிறார்கள். அவர்களுடைய பாட்டன்மார் நினைத்தது வேறு.

கல்மடுவிலிருந்து இராமநாதபுரம் பக்கம் வந்தால் இரணைமடுவின் வலதுகரை வாய்க்கால் நிலம் தொடங்குகிறது. வாய்க்காலில் சிறுவர்கள் குதித்துக்கொண்டிருந்தார்கள். இரணைமடுவின் வேலை 1902 இல் தொடங்கி, 1920களின் தொடக்கத்தில் முடிந்தது. பிறகும் பல தடவை கட்டை உயர்த்தினார்கள். இப்போது அது ஒரு லட்சம் ஏக்கர் அடிக்கு மேல் தண்ணீர் பிடிக்கிற குளம். அதற்கிடையில் 1905 இல் வடபகுதி ரயில் பாதை காங்கேசன்துறை வரை போய்விட்டது. தண்ணீரும் ரயிலும் வந்த இடத்தில், 1936 இல், யாழ்ப்பாணத்தில் காணியும் தொழிலும் போதாமல் இருந்தவர்களைக் குடியேற்றும் திட்டமாகக் கிளிநொச்சி தொடங்கியது. தனி மாவட்டமானது 1984 இல். அதாவது நாங்கள் "டவுன்" என்று சொல்கிற இடத்துக்கு இன்னும் நூறு வயது ஆகவில்லை. அந்த டவுனில் பழையது என்று சொல்லக்கூடியது குளம்தான். மீதியெல்லாம் அதைத் தேடி வந்தவை.

வழியில் செயின் கழன்றது. ஒரு வீட்டு வாசலில் நிறுத்திப் போட்டுக்கொண்டிருந்தோம். உள்ளேயிருந்து ஒரு பாட்டி கூப்பிட்டார். "வெயில்ல நிக்காதீங்க தம்பி, வந்து ஒக்காருங்க." பேச்சிலேயே மலையகம் தெரிந்தது. மா மரத்தின் கீழ் பிளாஸ்டிக் கதிரை போட்டுத் தந்தார். பிளேன் ரீயும் வந்தது.

"எப்ப பாட்டி இங்க வந்தனீங்கள்?" என்று கேட்டோம்.

"எழுபத்து நாலுல. தோட்டத்துல பஞ்சம். மாவு இல்ல, அரிசி இல்ல. சின்னதுங்க பசியில கெடந்துச்சுங்க. வன்னிக்குப் போனா சோறு இருக்குன்னாங்க. ஒரு ரங்குப்பொட்டியோட ரயில் ஏறிட்டோம்."

பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் வருவது இங்கே ஒரு கதிரையில் உட்கார்ந்திருந்தது. 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். ஐந்து லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்ப்போம் என்று இரண்டு அரசாங்கங்கள் கணக்குப் போட்டுப் பிரித்தன. பிரிக்கப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை. 1973–74 இல் தோட்டங்களில் பட்டினி. 1977 இலும் 1983 இலும் கலவரம். ஒவ்வொரு அலையிலும் ஆட்கள் வன்னிக்கு வந்தார்கள். தர்மபுரமும் அதைச் சுற்றிய கிராமங்களும் அப்படி நிரம்பியவை. இந்நாட்டில் பிறந்து வளர்ந்து, கடைசியாகக் குடியுரிமைப் பிரச்சினை சட்டப்படி தீர்வதற்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரைக்கும் பலர் காத்திருந்தார்கள்.

பாட்டி மிளகாய்க் காலத்தைப் பற்றிச் சொன்னார். 1970களின் முற்பகுதியில் மிளகாய், வெங்காயம் வெளியிலிருந்து வருவது கட்டுப்படுத்தப்பட்டது. வன்னித் தோட்டங்களில் சிவப்பு மிளகாய் காய்ந்த காலம் அது. விசுவமடுவில் படித்த வாலிபர் திட்டத்துக் காணிகளில் வேலை செய்ய ஆள் போதவில்லை. "மொளகா ஆய ஆய கையெல்லாம் எரியும். ராத்திரி தூக்கம் வராது. ஆனா அந்த எரிச்சல்லதான் எங்க வயிறு நெறஞ்சிச்சு." 1977 க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டது, விலை விழுந்தது. காணி வைத்திருந்தவர் நட்டப்பட்டார், கூலிக்குப் போனவர் வேறு வேலை தேடினார்.

எங்களில் ஒருவருடைய பெயரைக் கேட்டபோது பாட்டி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்:

"ஒங்க ஆளு ஒருத்தரு வருவாரு தம்பி. நானான்னு கூப்புடுவோம். சைக்கிள்ல துணி மூட்டை கட்டிக்கிட்டு வருவாரு. கொப்பியில கடன் எழுதிக்குவாரு. வெளைச்சல் வந்தாத்தான் காசு. ஒரு நாளும் கடுமையா ஒரு வார்த்தை பேசினதில்ல. தொண்ணூறு தீவாளிக்கு ரெண்டு சேலை எடுத்தோம். பாதிக் காசுதான் குடுத்தோம். பொறகு வரேன்னு போனவரு வரவே இல்ல. அப்புறந்தான் சொன்னாங்க, எல்லாரையும் அனுப்பிட்டாங்கன்னு. இன்னும் பாதிக் காசு எங்க கிட்டதான் இருக்கு."

அந்த நானா எங்களில் ஒருவருடைய வாப்பா இல்லை. வாப்பா தண்ணீரூற்றில் கமம் செய்தவர், துணி விற்றதில்லை. ஆனால் 1990 ஒக்டோபரின் கடைசி நாட்களில் வடமாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் வெளியேற்றப்பட்ட சுமார் 75,000 முஸ்லிம்களில் அவரும் ஒருவர், அந்தத் துணி நானாவும் ஒருவர். யார் செய்தது, ஏன் செய்தது என்ற விவாதத்துக்கு இந்தப் பதிவை நாங்கள் எழுதவில்லை. நாங்கள் சொல்ல வந்தது இதுதான்: புத்தளத்தில் வளர்ந்த எங்களில் ஒருவர், "அங்கே எங்களை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை" என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர். ஏ35 ரோட்டால் வருடக் கணக்காகப் போய் வந்திருக்கிறார். அந்த ரோட்டில் ஒரு நாளும் கேட்காத வசனத்தை அன்று ஒரு மா மரத்தின் கீழ் கேட்டார். ஒரு முஸ்லிம் வியாபாரிக்குப் பாதிக் காசு கொடுக்கவேண்டியிருக்கிறது என்று முப்பது வருடத்துக்கு மேலாக ஞாபகம் வைத்திருந்தவர், எல்லாவற்றையும் இழந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு மலையகத் தாய்.

வீட்டுக்கு வந்து பாடக் குறிப்பை எடுத்தபோது இன்னொன்று கண்ணில் பட்டது. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 1964 ஒக்டோபர் 30. யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு இரண்டு மணித்தியாலம் தவணை கொடுக்கப்பட்டது 1990 ஒக்டோபர் 30. ஒரே திகதி, 26 வருட இடைவெளி. தற்செயல்தான். ஆனால் இரண்டு சமூகத்துப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் இருக்கிற பாடசாலையில் அந்தத் திகதியைக் கரும்பலகையில் எழுதிப் பாருங்கள். "உங்களுக்கும் அப்பிடியா?" என்று ஒரு பிள்ளை மற்றப் பிள்ளையைக் கேட்கும். நாங்கள் எழுதினோம். கேட்டார்கள்.

முல்லைத்தீவில் தண்ணீரூற்றுக்கும் நீராவிப்பிட்டிக்கும் அருகில் ஹிஜ்ராபுரம் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஹிஜ்ரத் என்றால் ஊரை விட்டுப் பெயர்ந்து போதல். அதோடு "புரம்" சேர்ந்திருக்கிறது. தர்மபுரத்தின் அதே புரம்.

அன்றிலிருந்து எங்களுக்கு இது பழக்கமாகிவிட்டது. மாதத்தில் ஒரு ஞாயிறு, போகிற வேலைக்கு நேர் ரோட்டால் போகாமல் ஏதாவது ஓர் ஒழுங்கையால் இறங்குவோம். பங்குனிப் பொங்கலுக்கு மட்டும் தெரிந்த புளியம்பொக்கணைக்கு, கூட்டமில்லாத நாளில் போனோம். நாகதம்பிரான் கோயிலுக்கு முந்திய காலத்தில் மாட்டு வண்டி கட்டி வந்த பாதைகளைப் பெரியவர்கள் காட்டினார்கள். பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலையின் இடிந்த சுவர்களைப் பார்த்தோம். ஆனையிறவு உப்பிலிருந்து கோஸ்ரிக் சோடாவும் குளோரினும் செய்த இடம் அது. பிள்ளைகள் விஞ்ஞானப் பாடத்தில் படிக்கிற மின்பகுப்பு, அவர்களுடைய தாத்தாமார் சம்பளம் வாங்கிய வேலை.

முரசுமோட்டையிலிருந்து வடக்கே இறங்கி ஊரியான் பக்கமும் போனோம். நீரேரிக் கரையில் நின்ற ஒருவர் தண்ணீரைக் காட்டி, "இதுக்குள்ளாலதான் நடந்தது" என்றார். 1990 இல் ஆனையிறவுப் பாதை மூடப்பட்ட பிறகு, 1990களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் இடையில் சனம் போய் வந்த வழிகளில் ஒன்று கொம்படி–ஊரியான் பாதை. சேற்றிலும் தண்ணீரிலும் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு, பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு. பிறகு கிளாலியில் இரவில் வள்ளம். நூற்றாண்டுகளுக்கு முன் வன்னிக் காட்டில் பிடித்த யானைகளை இதே ஆழமில்லாத நீரேரியால் கடத்தித்தான் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனார்கள். ஆனையிறவு என்ற பெயரும் அதால்தான். ஒல்லாந்தர் அங்கே கோட்டை கட்டிக் காவல் வைத்ததும் அந்தக் கடவைக்காகத்தான்.

சுற்றுப்பாதை என்றால் எப்போதும் சந்தோஷம் இல்லை என்பதை ஊரியான் எங்களுக்குச் சொன்னது. எங்கள் தாய் தகப்பன் சுற்றிப் போனது உயிரைக் காப்பாற்ற. எங்களில் ஒருவருடைய உம்மா வவுனியாவுக்குக் காட்டுப் பாதையால் நடந்தது விரும்பியா? இன்று பெற்றோல் விலையை மட்டும் யோசித்துக்கொண்டு, எந்தச் சோதனைச் சாவடியிலும் இறங்காமல், ஓர் ஒழுங்கையால் திரும்பிப் பார்க்கலாமே என்று நாங்கள் நினைக்க முடிகிறது. இது சின்ன விஷயம் போலத் தெரியும். வன்னியில் இது சின்ன விஷயம் இல்லை.

வரலாற்றில் வழி தவறிப் போனவர்களால் எங்களுக்குக் கிடைத்தவை நிறைய. 1344 இல் இப்னு பதூதா மாலைதீவிலிருந்து தமிழகக் கரைக்குப் போகப் புறப்பட்டார். மூன்று நாள் பயணம். வழி தெரிந்த மாலுமி இல்லை. ஒன்பதாம் நாள் இலங்கையில் வந்து சேர்ந்தார். தூரத்தில் சிவனொளிபாதமலை ஒரு புகைத்தூண் போலத் தெரிந்தது என்று எழுதுகிறார். புத்தளத்தில் அவரை வரவேற்றவர் ஆரியச்சக்கரவர்த்தி, தமிழ் அரசர். இரண்டு பேரும் பாரசீக மொழியில் முத்துக்களைப் பற்றிப் பேசினார்கள். வேறென்ன வேண்டும் என்று அரசர் கேட்டபோது, ஆதம் நபியின் பாதம் பதிந்த மலைக்குப் போகவேண்டும் என்றார். அரசர் பல்லக்கும் கொடுத்து, யோகிகளையும் பிராமணர்களையும் துணைக்கு அனுப்பினார். அந்த மாலுமி வழியைச் சரியாக அறிந்திருந்தால், ஒரு முஸ்லிம் பயணியும் ஒரு தமிழ் அரசரும் உட்கார்ந்து பேசிய அந்தப் பக்கம் எங்களுக்குக் கிடைத்திருக்காது. ஏறக்குறைய அறுநூற்று ஐம்பது வருடத்துக்குப் பிறகு அதே புத்தளத்தில் வடக்கு முஸ்லிம்கள் கொட்டில் போட்டு இருந்தார்கள் என்பதும் வரலாறுதான்.

அந்த முதல் ஞாயிற்றுக்கு வருவோம். வட்டக்கச்சியால் வந்து டவுனைப் பிடித்தபோது பின்னேரம் ஆகிவிட்டது. போட்டோகொப்பிக் கடை பூட்டு. போன வேலை மட்டும் நடக்கவில்லை. அடுத்த நாள் அதிபரிடம் பேச்சு வாங்கினோம்.

இந்தத் தவணை அதே ஒப்படையை மறுபடி கொடுத்தோம். தலைப்பை மட்டும் மாற்றினோம்: "எங்கள் ஒழுங்கையில் மூத்தவர் எங்கேயிருந்து, எந்த வருடம், ஏன் வந்தார்?" கண்டி, நுவரெலியா, பதுளை, தீவகம், வடமராட்சி, தண்ணீரூற்று. கொப்பிகளில் இலங்கை முழுக்க வந்தது. வரலாறு இல்லை என்று எழுதிய பிள்ளை இந்த முறை ஏழு பக்கம் எழுதியிருந்தாள். அவளுடைய அம்மம்மா தோட்டத்திலிருந்து கொண்டுவந்த ரங்குப்பெட்டியில் இப்போது பள்ளிக்கூடப் புத்தகங்கள் வைத்திருக்கிறாளாம்.

வாசிக்கிற ஊரவர்களுக்கு மூன்று வேண்டுகோள்.

ஒன்று: 1950களிலும் 70களிலும் காடு வெட்டி வந்தவர்கள் இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார்கள். ஒவ்வொரு மாதமும் ஒரு செத்த வீட்டுக்குப் போய் வருகிறோம். உங்கள் வீட்டுப் பெரியவரோடு ஒரு மணித்தியாலம் உட்காருங்கள். போனில் பதிவு செய்யுங்கள். பழைய காணிப் பத்திரம், கூப்பன் புத்தகம், படம் இருந்தால் எறியாதீர்கள்.

இரண்டு: பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஓர் உள் ஒழுங்கையால் இறங்குங்கள். ஆள் நடமாட்டம் உள்ள பாதையால் மட்டும் போங்கள். எச்சரிக்கைப் பலகை இருக்கிற இடத்தில் கால் வைக்காதீர்கள். காட்டோரம் என்றால் கிராம அலுவலரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். இரும்பாக எது கிடந்தாலும் தொடவேண்டாம்.

மூன்று: 1990 க்கு முன் தர்மபுரம், விசுவமடுப் பக்கம் சைக்கிளில் துணி விற்ற நானா ஒருவரை, அல்லது அவருடைய பிள்ளைகளை, புத்தளத்திலோ முல்லைத்தீவிலோ யாருக்காவது தெரிந்திருந்தால் எங்களுக்கு அறிவியுங்கள். பெயர் பாட்டிக்கு ஞாபகமில்லை. சிவப்பு நிறச் சைக்கிள், பின்னால் மரப்பெட்டி, பேசும்போது சிரித்துக்கொண்டே பேசுவாராம். இரண்டு சேலைக்குப் பாதிக் காசு இருக்கிறது. கொடுக்கவேண்டும் என்று பாட்டி சொல்கிறார்.